சுழற்சியில் ஒரு சிக்கல்

தமிழ்மதியின் ஆய்வேட்டில் வழிகாட்டி சிவபிரகாஷ் சார் சிவப்பு மையால் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: "இது முதன்மைக் கூறா, காரணியா?"

எரியோடு ஊர்ப் பக்கத்துத் தக்காளி விவசாயிகள் ஏன் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறுகிறார்கள் என்பது அவள் ஆய்வு. மென்பொருளில் 'காரணி' என்ற இடத்தைத் திறந்து, அது தானாகக் காட்டிய முறையையே அழுத்தியிருந்தாள். அது முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு என்பது இப்போதுதான் தெரிந்தது.

காரணிப் பகுப்பாய்வுக்கு மாற்றினாள். காரணிகளின் அச்சுகளை இருபத்தைந்து முறை சுழற்றியும் முடிவு வரவில்லை என்று மென்பொருள் கைவிரித்தது. காரணிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள விடும் சாய்வுச் சுழற்சிக்குப் போனாள். ஒரு அட்டவணை கேட்ட இடத்தில் இரண்டு வந்தன. எரிச்சலில் சுழற்சியையே எடுத்துவிட்டாள். கேள்வித்தாளின் கேள்விகள் எல்லாம் 'லோடு' என்ற சுமையாக முதல் காரணியின் தலையில் போய் ஏறிக்கொண்டன.

மறுநாள் காலை, மதுரையிலிருந்து புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் சரியென்றால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். துறை அறையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். தமிழ்மதி கும்பிட்டாள்.

"ஐயா, ரொட்டேஷன்லதான் பிரச்சினை."

"சுத்தவே மாட்டேங்குதா, சுத்திட்டு நின்னுருதா?"

"இருபத்தஞ்சு சுத்து சுத்திட்டு நின்னுருதுய்யா."

அவர் தாடையைத் தடவினார். "லோடு?"

"சுத்தாம விட்டா மொத்த லோடும் ஒண்ணுலயே ஏறிருது."

"எதுக்காகச் சுத்தணும்? மொதல்ல அதச் சொல்லுங்க."

இதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்தபடியே பேசத் தொடங்கினாள். சந்தையில் ஒரு பக்கமாக நின்று பார்த்தால் கூடைகள் ஒன்றையொன்று மறைக்கும். கொஞ்சம் நகர்ந்து நின்றால் வரிசை வரிசையாகத் தெரியும். கூடைகள் அசைவதில்லை, பார்க்கும் இடம்தான் மாறுகிறது. சுழற்சியும் அப்படித்தான் என்றாள். பதில்களைச் சுருக்கினால் போதுமென்றால் முதன்மைக் கூறு. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பொதுவான காரணம் வேண்டுமென்றால் காரணி. தனக்கு வேண்டியது காரணம். தண்ணீர்த் தட்டுப்பாடும் ஆள் தட்டுப்பாடும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, அதனால் சாய்வுச் சுழற்சிதான் பொருந்தும்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தபோது அவளுக்கே எல்லாம் விளங்கியிருந்தது. இனி யார் கேட்டாலும் சொல்லிவிடலாம் என்ற தைரியம் வந்திருந்தது.

துறை உதவியாளர் லூர்தம்மாள் வாசலில் எட்டிப்பார்த்தார்.

"தமிழு, மதுரை சார் இப்பத்தான் ஆட்டோவுல வந்து எறங்குறாரு. ஏண்ணே, நீங்க இங்கயா உக்காந்திருக்கீக? தண்ணி மோட்டாரு கீழ சுத்தாமக் கெடக்கு."