உளுந்து அண்ணாச்சி ஜெயித்த தவழும் போட்டி

திருவனந்தபுரத்தில் இதுவரை நடந்த விளையாட்டுப் போட்டிகள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, உளுந்து அண்ணாச்சி கலந்துகொண்ட ஒரே போட்டியை மறு தட்டில் வைத்தால், அண்ணாச்சியின் தட்டுதான் கீழே இறங்கும். இதை நான் சும்மா சொல்லவில்லை. அந்தப் போட்டியில் தோற்றவன் என் மகன்.

அண்ணாச்சிக்குச் சாலை என்கிற பெரிய கடைவீதியில் மொத்த உளுந்து வியாபாரம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அவருடைய உண்மையான பெயர் அசோசியேஷன் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு வெளியே எங்கும் கிடையாது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்து, தலை முழுக்கப் பஞ்சாக வெளுத்த பிறகு, அவருக்கும் செண்பகம் அக்காவுக்கும் ஒரு பெண் பிறந்தாள். பெயர் கோமதி.

அன்றிலிருந்து கடையில் முதல் எடை கோமதிதான். தராசில் துண்டை விரித்து அவளை உட்கார வைப்பார். தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பார்: "எட்டு கிலோ அறுநூறு! டயப்பர் கழிவு எழுபது கிராம். நெட்டு, எட்டு ஐந்நூத்தி முப்பது!" எதிர்க்கடைக்காரர்கள் இதைக் கேட்ட பிறகுதான் டீ குடிக்கப் போவார்கள். ஐம்பது கிராம் குறைந்துவிட்டால் அன்றைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் எரிந்து விழுவார்.

அந்த வருஷம் ஓணத்தை ஒட்டி எங்கள் குடியிருப்பில் விளையாட்டு தினம் வந்தது. பெரியவர்கள் கயிறு இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது போதும், இந்தத் தடவை கைக்குழந்தைகளும் நடைபழகும் பிள்ளைகளும் பெற்றோரோடு விளையாடட்டும் என்று முடிவானது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பந்தயம், பந்து பொறுக்கிக் கூடையில் போடுவது, அப்பாக்களுக்கு டயப்பர் மாற்றும் போட்டி, கடைசியாகத் தவழும் போட்டி. ஆபீசில் சுற்றறிக்கை எழுதுகிறவன் என்பதால் விதிமுறைகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. என் மகன் ஆதிக்கு அப்போது பத்து மாதம். அவன் தவழும் வேகத்தில் வீட்டில் எதையும் தரையில் வைக்க முடியாது. தவழும் போட்டியைப் பட்டியலில் சேர்த்ததில் எனக்குச் சுயநலமே இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

பெயர் கொடுக்கப் போன இடத்தில்தான் வினை. மேஜையில் இருந்த பெண் அண்ணாச்சியின் தலையைப் பார்த்தாள், இடுப்பில் இருந்த கோமதியைப் பார்த்தாள். 'முத்தச்சன்' என்று, அதாவது தாத்தா என்று, மலையாளத்தில் எழுதிய அட்டையை அவர் சட்டையில் குத்திவிட்டாள். பாட்டி தாத்தாக்களுக்கான எலுமிச்சம்பழ ஓட்டத்திலும் பெயரைச் சேர்த்துவிட்டாள். அண்ணாச்சி அந்த அட்டையோடே கடைக்குப் போனார். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, தடுப்பூசி போடப் போனா நர்ஸம்மா தாத்தாங்குது. பஸ்ல தாத்தாவுக்கு எடம் குடுங்கன்னு எந்திரிக்காங்க. நான் சிரிச்சிட்டுப் போயிருவேன். செண்பகத்துக்குத்தான் மூஞ்சி சுண்டிப்போவுது. அவ காதுபட, ஒரே ஒருக்கா, மைக்குல என்னைய கோமதி அப்பான்னு சொல்லணும்."

"அதுக்கென்ன அண்ணாச்சி, நானே சொல்லச் சொல்றேன்."

"கேட்டு வாங்குனா அது கொசுறுல்லா? எனக்கு நிறுத்து வரணும்."

ஜெயிக்கிற குழந்தையின் பெற்றோரை மைக்கில் அறிவிப்போம் என்றேன். தலைக்கு டை அடித்துக்கொண்டால் பிரச்சினையே தீர்ந்துவிடுமே என்றாள் என் மனைவி. அண்ணாச்சி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சாயம் போட்ட சரக்க இருவது வருசமா நான் வித்ததில்லம்மா" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழ ஓட்டத்திலிருந்து தன் பெயரை எடுத்து, கோமதியின் பெயரைத் தவழும் போட்டியில் சேர்த்துவிட்டுப் போனார்.

கோமதி தவழ்ந்தாள்தான். ஆனால் பின்பக்கமாக மட்டும் தவழ்ந்தாள். முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டினால், அதைப் பிடிக்கும் ஆசையில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி உந்துவாள். உடம்பு பின்னால் போய்விடும். ஆசை கூடக்கூட வேகமும் கூடும். கட்டிலுக்கடியிலிருந்து அவளை இழுத்தெடுப்பதே செண்பகம் அக்காவுக்கு முழுநேர வேலையாக இருந்தது.

டாக்டரிடம் போனார்கள். சில குழந்தைகள் இப்படித்தான், தானாகவே முன்னால் வரும் என்றார் அவர். "ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துருமா சார்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

பிறகு அவரே பயிற்சியாளரானார். கிடங்கில் பாயை விரித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தவழ்ந்து காட்டினார். கடைக்கு வந்தவர்கள் அண்ணாச்சி எங்கே என்று கேட்டால், மூட்டை தூக்குகிறவர்கள் முகத்தில் சலனமே இல்லாமல், "உள்ளே தவழுதாரு" என்றார்கள். நாலு நாளில் அண்ணாச்சியின் முட்டி இரண்டும் தேய்ந்தன. கோமதி அவரை ரசித்துப் பார்த்துக் கைதட்டினாள். பிறகு பின்னால் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் பாய்களைச் சேர்த்து விரித்து ஆறு குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்தோம். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா அம்மாக்கள் சாவிக்கொத்து, டிவி ரிமோட், செல்போன் என்று ஆளுக்கொரு ஆயுதத்தோடு மண்டியிட்டிருந்தார்கள். அண்ணாச்சி மட்டும் அங்கே இல்லை. புறப்படும் கோட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். கோமதியைத் தன்னைப் பார்க்கும்படி, எல்லைக்கோட்டுக்கு முதுகு காட்டி வைத்திருந்தார். சட்டையில், உள்ளே வரக் குத்தியாக வேண்டிய அந்தத் தாத்தா அட்டை கசங்கிக் கிடந்தது.

மைக்கில் இருந்த செயலாளர் சுகுமாரன் சார், குழந்தை திரும்பி இருப்பதைப் பார்த்துப் பதறினார். "அண்ணாச்சீ, கொச்சு திரும்பியாணல்லோ இருக்குது!"

"இருக்கட்டும் சார். நீங்க விசில ஊதுங்க."

சுகுமாரன் சார் விசில் ஊதினார். ஒரு குழந்தை அங்கேயே படுத்துத் தூங்கியது. ஒன்று பாயைக் கடித்தது. இரண்டு குழந்தைகள் ஒன்றையொன்று பார்த்து அழுதன. என் ஆதி பாய்ந்தான். பாதி தூரம் போனதும் கூட்டம் கைதட்டியது. அவன் உட்கார்ந்து தானும் கைதட்ட ஆரம்பித்தான். "டேய், வாடா!" என்று நான் கத்தியதைக் கேட்டு இன்னும் பலமாகத் தட்டினான்.

"வா தாயி! அப்பாட்ட வா! ஓடியா!" அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டார். கோமதி அவரிடம் போகத் துடித்தாள். துடித்து உந்தினாள். உந்த உந்தப் பின்னால் போனாள். அவர் குரல் உயர உயர அவள் தூரமாகிக்கொண்டே போனாள். உதட்டைப் பிதுக்கி, கண்ணில் நீர் முட்ட, அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஆதியைத் தாண்டி, எல்லைக்கோட்டையும் தாண்டி, செண்பகம் அக்காவின் மடியில் போய் இடித்து நின்றாள்.

ஹால் இரண்டுபட்டது. இது தவழ்வதில் சேராது, வெறுமனே பின்னால் நழுவுவது என்றார்கள் சிலர். அண்ணாச்சி எழுந்து நின்றார். "மூட்டை கடைக்குள்ள வந்துச்சா, இல்லையா? முன்பக்கமா வந்துச்சா பின்பக்கமா வந்துச்சான்னு யாராவது கேப்பாங்களா?"

சுகுமாரன் சார் என்னைப் பார்த்தார். விதியை எழுதியவன் நான். கோமதி சேராது என்றால் அடுத்து முன்னால் இருப்பவன் என் மகன். தாளை எடுத்துப் படித்தேன். 'குழந்தை தானாகத் தவழ்ந்து எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். யாரும் தொடக் கூடாது.' எந்தப் பக்கம் பார்த்துத் தவழ வேண்டும் என்று நான் எழுதவில்லை. எழுதியிருந்தேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி புத்தி போனது, மறைப்பானேன்! அண்ணாச்சி என்னைக் கெஞ்சிப் பார்க்கவில்லை. நிறுத்தது சரியாக வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாத்தான் இருக்கு. கோமதிதான் முதல்" என்றேன். அவரிடம் போய் அந்த அட்டையைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்.

மைக் முழங்கியது. "ஒந்நாம் ஸ்தானம், கோமதி! கோமதியுடெ அச்சன்..." அண்ணாச்சி கையைத் தூக்கினார். "சார், தமிழ்லயும் ஒருக்கா!" சுகுமாரன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோமதியோட அப்பா, மேடைக்கு வரணும்!" என்றார். அப்பா என்பதை ஏழு ஸ்வரத்துக்கும் இழுத்தார். செண்பகம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணாச்சி தேய்ந்த முட்டிகளோடு ராஜா மாதிரி மேடை ஏறினார்.

இப்போது சாலைக் கடைவீதியில் போய் உளுந்து அண்ணாச்சி கடை எங்கே என்று கேட்டால், "யாரு, கோமதி அப்பாவா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

போன மாதம் கோமதியும் ஆதியும் பிளேஸ்கூலில் சேர்ந்தார்கள். கேட்டில் எல்லாப் பிள்ளைகளும் அழுதன, ஆதி உட்பட. கோமதி அழவில்லை. அப்பாவின் கையை விட்டாள். ஆனால் திரும்பவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து, வகுப்பு வாசல் வரை போனாள். அண்ணாச்சி தரையில் குந்தி, கையை நீட்டி, "வா தாயி, அப்பாட்ட வா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அவளை அனுப்பினார்.

கதவைச் சாத்திய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஆபீசுக்கு நேரமாகியிருந்தது. பரவாயில்லை என்று நானும் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.