வாளியரின் மான் பாத்தி

நகரசபை, வெயில், சொந்த மனைவி ஆகிய மூன்று பெரும் சக்திகளையும் எதிர்த்து நின்றவர் மொன்றியலில் ஒரே ஒருவர்தான். நகரை ஒட்டிய இல்-பிசார் தீவில் அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருக்கத்தான் வேண்டும். ஆனால் கையில் வாளி இல்லாமல் யாரும் அவரைக் கண்டதில்லை என்பதால் எங்கள் சனத்துக்கு அவர் வாளியர்.

அவர் வளவுக்குப் பின்னால் காடு, முன்னால் கார்கள் பறக்கும் றோட்டு. குடிவந்த முதல் கோடையிலேயே காட்டு மான்கள் வந்து, அவர் மனைவி பரிமளக்கா வைத்த பயற்றங்காயையும் வெண்டியையும் அடியோடு மேய்ந்துவிட்டன. நாலு பக்கமும் வேலி போடச் சொன்னோம். வாளியர் சீறினார்.

“நாங்கள் வர முந்தியே அதுகள் இஞ்ச இருந்ததுகள். மறிக்க நான் ஆர்? அதுகளுக்கும் ஒரு பாத்தி போட்டால் சோலி முடிஞ்சுது!”

போட்டார். குளோவர் புல், பட்டாணி, டேர்னிப் கிழங்கு எல்லாம் விதைத்து, நேரம் தவறாமல் தண்ணீர் விட்டார். மான்கள் வந்தன. தங்களுக்கென்று விதைத்ததை ஒரு மரியாதைக்கு முகர்ந்து பார்த்தன. பிறகு பரிமளக்காவின் பாத்திக்குப் போய் விருந்துண்டன.

வேறு யாராவது என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டிருப்பார். “அதுகளுக்கு எங்கட சாப்பாடு பிடிச்சிருக்கு. அப்ப நாங்கள் அதுகளின்ரயைச் சாப்பிடுவம்,” என்றார் வாளியர். அந்தக் கோடை முழுக்க அந்த வீட்டில் டேர்னிப் இலை வறை, டேர்னிப் குழம்பு. விருந்துக்குப் போன பாவத்துக்கு நானும் சாப்பிட்டேன். “மானோடயே குடும்பம் நடத்துங்கோ!” என்று பரிமளக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது பாத்தி இரண்டு மடங்காகியிருந்தது. மானுக்கும் பயற்றங்காய், மனைவிக்கும் பயற்றங்காய்.

போன கோடை மழை பொய்த்தது. குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாது என்று நகரசபை அறிவித்தது. அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் எங்கள் றோட்டில் ஒரு மான் காரில் அடிபட்டுச் செத்திருந்தது. பாத்தி காய்ந்தால், குட்டிகளோடு வரும் தாய் மானும் இரை தேடி அதே றோட்டைக் கடக்கும். வாளியர் கலங்கிப் போனார்.

“நட்டுப் பழக்கினது நான், தம்பி. தண்ணி இல்லையெண்டு இனிக் கைவிடுறதே?”

அப்போதுதான் தமிழ் வீடுகளில் தினமும் வீணாகப் போகும் ஒன்று அவர் கண்ணில் பட்டது: அரிசி கழுவின தண்ணீர். விடிந்தால் பக்கத்து ரொக்ஸ்பரோவின் தமிழ் வீடுகள் முழுக்க வாளியரின் ஃபோன் அடிக்கும்.

“தங்கச்சி, இண்டைக்குச் சோறோ, புட்டோ?”

“புட்டு, அண்ணை.”

“கோதாரி! புட்டில எங்க தண்ணி வரும்? பிள்ளையளுக்குச் சோறு காய்ச்சிக் குடுங்கோ, தங்கச்சி!”

வீடு வீடாகப் போய் வாளிகளில் சேர்த்துக் காரில் ஏற்றி வருவார். அவர் காருக்குள் அடித்த புளித்த வாசம் அவர் இறங்கிப் போன பிறகும் தெருவில் நிற்கும். தீவெங்கும் புல் கருகிக் கிடக்க, மான் பாத்தி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அதுவே வினையாயிற்று. யாரோ முறையிட, நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தார். வாளியரின் பிரெஞ்சு ‘போன்ஜூர்’ உடன் முடிந்துவிடும். ஆகவே மொழிபெயர்க்க நான்.

“குழாய்த் தண்ணி விட்டனீங்களோ எண்டு கேக்கிறா, அண்ணை.”

வாளியர் வாளியை அந்தப் பெண்ணின் மூக்கடியில் நீட்டினார். முதல் குற்றச்சாட்டு அதோடு முடிந்தது.

“மானுக்குச் சாப்பாடு குடுக்கிறதும் சட்டப்படி பிழையாம்.”

“நான் குடுக்கேல்லை, நட்டனான். அதுகள் தாங்களா வந்து திண்டால் என்னை ஏன் கேக்கிறா? அதுகளைக் கேக்கச் சொல்லும்!”

இதில் பாதியைத்தான் நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்: வேலி போடுங்கள். அடுத்த கிழமை வருவேன். வேலி இல்லாவிட்டால் பாத்தியை உழுது மூட வேண்டியிருக்கும்.

அடுத்த கிழமை வேலி இருந்தது. ஆளுயரத்துக்கும் மேலாக, இறுக்கிக் கட்டிய வேலி. ஆனால் அது றோட்டுப் பக்கம் மட்டும்தான் இருந்தது. காட்டுப் பக்கம் அகலத் திறந்து கிடந்தது.

“இனி ஒரு மானும் றோட்டுக்குப் போகாது எண்டு சொல்லும், தம்பி! பாத்தியை உழுறதெண்டால் முதல்ல என்னை உழச் சொல்லும்!” என்று வாளியர் பாத்தியின் நடுவில் போய் நின்றார். நான் வாய் திறக்குமுன் பரிமளக்காவும் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“என்னையும் சேர்த்துச் சொல்லும்.”

அந்தப் பெண் வேலியைப் பார்த்தார், றோட்டைப் பார்த்தார், பயற்றங்கொடிகளுக்கு நடுவே நின்ற இருவரையும் பார்த்தார். ‘மெர்சி’ என்று நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பிறகு வரவேயில்லை.

இந்தக் கோடை வாளியருக்கு முழங்காலில் ஒப்பறேசன். பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதற்கு டொக்டரோடும் சண்டை. இப்போது தண்ணீர் விடுவது நான். அவர் கதிரையில் இருந்துகொண்டு, “அடியில விடும் ஐசே, இலையில ஊத்தாதையும்! கண் தெரியேல்லையே?” என்று தெருவே கேட்கத் திட்டுகிறார்.

இன்னும் கனகாலம் அவர் என்னைத் திட்ட வேண்டும்.