லுதோவினா வீட்டில் நான்கு நாள்

பிராகாவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அடெலினோவாகிய நான், இன்று மாலைக்குள் போர்த்தோ நகரை விட்டுக் கிளம்பியே தீர்வது என்று முடிவெடுத்தேன். மனைவி இல்தாவும் வருவாள். அவள் சம்மதம்தான் பாக்கி.

நாங்கள் தங்கியிருந்தது அவளுடைய பெரியம்மா மகள் லுதோவினாவின் வீட்டில். அவள் ஓவியர். வீட்டுக்கு வயது இருநூறு. நாற்காலிகள் அதைவிட மூத்தவை.

"அதுல உக்காராதீங்க மாப்பிள்ளை, கால் ஆடும்."

"பரவால்ல அக்கா, காலை ஆட்டாம உக்காருறேன்."

"ஆடுறது நாற்காலியோட கால்."

நகர்ந்தால் ஜாடி, திரும்பினால் பீங்கான் பறவை. அந்த வீட்டின் அசையாச் சொத்து நான்தான்.

சாப்பாட்டுக்கும் ஒரு வரைமுறை. எதை வாங்கினாலும் முதலில் வரைய வேண்டும், சமையல் அப்புறம். திங்கட்கிழமை வாங்கிய மத்தி மீன் புதன்கிழமைதான் வாணலியைப் பார்த்தது. அதற்குள் அது இருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

காலையில் இல்தாவிடம் பேசிப் பார்த்தேன்.

"கிளம்பலாமா?"

"இன்னும் ஒரு வாரம் இருக்கலாம்னு அக்கா சொல்றா."

"எதுக்கு?"

"என்னை வரையறா. பாதிதான் ஆயிருக்கு."

"மீதியை போட்டோ பாத்து வரையட்டும்."

அவள் தலை சீவிக்கொண்டாள். இனி நேர்வழி உதவாது. கீழே போய் லுதோவினாவைத் தனியாகப் பிடித்தேன்.

"அக்கா, சொல்ல வாய் வரல. இல்தாவுக்குத் தூக்கத்துல நடக்கிற வியாதி. கையில எது கிடைச்சாலும் தட்டி விட்டுருவா. போன மாசம் எங்க வீட்டுக் கண்ணாடி அலமாரி மொத்தமும் போச்சு."

லுதோவினாவின் கை தானாக ஒரு ஜாடியைப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ பாவம். நீங்க கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. நான் ஏற்பாடு பண்றேன்."

சீட்டி அடித்தபடி மாடிக்கு ஓடி, பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டியோடவே வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு," என்றாள் லுதோவினா. "நிலவறையைப் பெருக்கி, தரையில மெத்தை போட்டிருக்கேன். அங்க உடையறதுக்கு ஒண்ணும் கிடையாது."

"இல்தாவையா நிலவறையில படுக்க வைக்கப் போறீங்க?"

"அவளை எதுக்கு? உங்களுக்குத்தான். வந்த அன்னிக்கே சொல்லிட்டா. 'அவருக்குத் தூக்கத்துல நடக்கிற வியாதி இருக்கு, வெக்கப்பட்டு என் மேல போட்டுச் சொல்வார், கண்டுக்காதே'ன்னு."

"நான் தூக்கத்துல நடக்கவே மாட்டேன்."

"தூங்குறவருக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ளை?"

இல்தாவை ஓரமாக இழுத்துப் போனேன்.

"நான் இதைத்தான் சொல்வேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் தம்பி வீட்டுல என் குறட்டைன்னு சொல்லிக் கிளப்புனீங்க. சித்தி வீட்டுல எனக்குப் பூனை ஒத்துக்காதுன்னு சொல்லிக் கிளப்புனீங்க. இங்க பூனையும் இல்ல, சுவரு கனமா இருக்கறதால குறட்டையும் கேக்காது. வேற என்னத்தைச் சொல்வீங்க?"

"ஒரு படத்துக்காகவா இவ்வளவும்?"

"முப்பது வருஷத்துல என் முகத்தை யாராவது முழுசா ஒரு மணி நேரம் பாத்திருக்காங்களா? அவ பாக்குறா. முடியற வரைக்கும் நான் வர மாட்டேன்."

பதில் இல்லாதபோது கோபப்படுவது என் வழக்கம்.

"அப்ப நான் மட்டும் போறேன். என் வீடு, என் கட்டில், நிம்மதி."

"தாராளமாப் போங்க," என்றாள் இல்தா. "உங்க அக்கா நாலு பேரப் பசங்களையும் கூட்டிக்கிட்டு நேத்தே அங்க வந்து இறங்கிட்டாங்க. ஒரு வாரம் இருப்பாங்களாம். சாவியை நான்தான் குடுத்துட்டு வந்தேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லுதோவினாவிடம் போனேன்.

"அக்கா, நிலவறைக்கு எந்தப் பக்கம் படி?"