இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு சங்கிலி

இதை எழுத எனக்கு மூன்று விரல் போதும். மீதி ஏழும் முழுசாக, அதனதன் இடத்தில் இருக்கின்றன. அதற்கு நான் என் மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லியும் விட்டேன். "பரவாயில்லை, விடுங்க" என்றாள்.

அந்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். ஓர் எழுத்து கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு அத்துப்படி. 'பரவாயில்லை' என்பது ஆறுதல். பாலைப் பொங்கவிட்டவனுக்கும், பல்பு மாட்டப் போய் நாற்காலியோடு சாய்ந்தவனுக்கும் சொல்வது. 'பரவாயில்லையே' என்பது பாராட்டு. கடைசியில் வருகிற அந்த ஒரு 'ஏ'தான் வித்தியாசம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். தினம் ஒன்று என்று வைத்தாலும் முதல் ரகம் எட்டாயிரம் வாங்கியிருப்பேன். இரண்டாவது ரகம் ஒன்றுகூட இல்லை.

செத்தாவது அந்த 'ஏ'யை வாங்கிவிடுவது என்று போன மாதம் சபதம் எடுத்தேன். செத்தாவது என்றது சும்மா பேச்சுக்கு. கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மரம். ஒரு பெருங்காற்றில் எங்கள் கொல்லைப்புறத்து மரம் வேரோடு சாய்ந்தது. எங்கள் வீட்டில் குளிக்க வெந்நீர் விறகு அடுப்பில்தான். வருஷத்துக்கு வேண்டிய விறகு தானாக வந்து படுத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் அறுக்க ஆள் வேண்டுமே. விறகு வெட்டுகிறவர் நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளை மூன்று வாரமாக வந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் காலையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெந்நீர் என்னாச்சு என்று அதிகாரமாகக் கேட்டபடி பின்பக்கம் போனேன். மனைவி கோடாலியை வைத்துக்கொண்டு ஒரு கிளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இடது கையால் எனக்குச் சாப்பாடு போட்டாள். ரொம்ப வலிக்குதா என்று கேட்டேன்.

"பரவாயில்லை, விடுங்க" என்றாள்.

எட்டாயிரத்து ஒன்று.

மறுநாளே கடைக்குப் போய் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன். பேட்டரியில் ஓடுகிற சின்ன மெஷின். மூக்கு மாதிரி நீண்ட தகடு, அதைச் சுற்றி ஒரு சங்கிலி, சங்கிலி முழுக்கப் பல். விசையை அழுத்தினால் சங்கிலி சுற்றும், கட்டை வெண்ணெய் மாதிரி அறுபடும் என்றார் கடைக்காரர். கால் எலும்பும் அப்படியே அறுபடும், பூட்ஸ், கண்ணாடி, கால் கவசம் இல்லாமல் தொடாதீர்கள் என்றும் சொன்னார். வெண்ணெய் வரைக்கும்தான் என் காதில் விழுந்தது.

அச்சகத்தில் விஷயம் தெரிந்து, ரம்பமே ரம்பம் வாங்கியிருக்கு என்று சிரித்தார்கள். அங்கே என் பட்டப்பெயர் ரம்பம். எதையும் நான் விலாவாரியாகச் சொல்வேன் என்பதற்காக வைத்தது. சுருக்கமாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு என்மேல் பொறாமை.

திட்டம் இதுதான். மனைவி எங்காவது ஒரு நாள் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது மரம் முழுக்க விறகாகி இருக்க வேண்டும். அவள் கண்ணை விரித்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதுவரை ரகசியம். அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் சங்கிலியைத் தகட்டில் மாட்டி, கூடவே வந்த ஸ்பேனரால் முடுக்கி, பெட்டியில் வைத்து, பரணில் பழைய கம்பளிகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

மெஷினோடு ஒரு புத்தகமும் வந்திருந்தது. பாதிக்கு மேல் எச்சரிக்கை. பகலெல்லாம் ஊரார் எழுதியதைப் படித்துக் கண் பூத்துப்போகிற எனக்கு வீட்டிலும் படிப்பா? நாலாக மடித்துச் சாப்பாட்டு மேஜையின் நொண்டிக் காலுக்கு அண்டை கொடுத்தேன். மேஜை ஆடுவது நின்றது. புத்தகத்தின் பயன் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் மெஷின் பரணில் காத்திருந்தது. அவள் மணிக்கட்டிலும் வீக்கம் வடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் மேஜையில் கையை ஊன்றினேன். மேஜை ஆடியது. தரை சரியில்லை என்று திட்டினேன். "ஆமா, தரைதான் சரியில்லை" என்றாள் அவளும். அவள் நான் சொன்னதை உடனே ஒத்துக்கொண்டாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"ரெண்டு நாள் என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மாதான் இருப்பேன்."

"அப்படியே இருங்க. உங்களுக்கு நல்லா வர்ற வேலை அது ஒண்ணுதான்."

அவள் தெருமுனை திரும்பியதும் பரணில் ஏறினேன். கைலியை மடித்துக் கட்டினேன். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். மெஷினை அடிமரத்தில் வைத்து விசையை அழுத்தினேன். சத்தம் பிரமாதமாக வந்தது. சங்கிலியும் சுற்றியது. மரம் மட்டும் அறுபடவில்லை. புகை வந்தது. இன்னும் அழுத்தினேன். இன்னும் புகை வந்தது. அரை மணி நேரத்தில் கட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. பிழை திருத்துகிறவன் கோடு போடுவது சகஜம்தான், ஆனால் அதை வைத்து வெந்நீர் போட முடியாது.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர். வீட்டு முன்னறையில்தான் வைத்தியம். ஒவ்வொரு வாயையும் மூடிய பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார். அன்று ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு தரம் பார்த்தார்.

"சார், விறகை முதல்ல அறுப்பாங்க. அப்புறம்தான் எரிப்பாங்க" என்றார்.

"கட்டை வைரம் பாஞ்சது, டாக்டர். உள்ளே இரும்பு மாதிரி இருக்கு."

அவர் கேட்டைச் சுற்றி வந்து, பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். ஒரு நோயாளியைப் பார்க்கிற முகம்.

"பல்லு நல்ல பல்லு. சொத்தை கித்தை இல்லை. ஆனா மேல்வரிசை முன்பக்கம் பாக்கணும். இது எல்லாம் உங்களையே பாத்துட்டிருக்கு. சங்கிலியைத் திருப்பிப் போட்டு மாட்டியிருக்கீங்க."

அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்கள். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் திரும்பியிருந்தது. ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவனுக்குத் தன் கையால் மாட்டியது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. போகட்டும், ஐந்து நிமிஷ வேலை, கழற்றித் திருப்பிவிடலாம். ஸ்பேனரை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன்.

ஸ்பேனர் இருந்த குழியில் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. மனைவியின் கையெழுத்து.

'ஸ்பேனர் என்னோடு அக்கா வீட்டுக்கு வருகிறது. நாளை சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பிவிடுவோம். அதுவரை சும்மா இருங்கள். டாக்டரிடம் கேட்காதீர்கள்.'

பழக்க தோஷத்தில் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. இருந்தாலும் டாக்டரிடம் கேட்டேன்.

"உங்க வீட்டம்மா நேத்தே வந்து சொல்லிட்டாங்க, சார். எங்கிட்ட இருக்கிறது பல்லு பிடுங்குற குறடு ஒண்ணுதான். அதையும் பூட்டி வெச்சுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாள். கையில் ஒரு பெரிய பை. முதல் வேலையாக என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். அப்புறம் கால்களைப் பார்த்தாள். அதன்பிறகுதான் செருப்பைக் கழற்றினாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"கடைக்காரர் வீட்டுக்குப் போன் பண்ணார். 'சார் வாங்கிட்டுப் போன சங்கிலி சரியா இருக்கா, தளர்வா இருந்தா கொண்டுவாங்க'ன்னார். சங்கிலின்னா நான் என்னன்னு நினைப்பேன்?"

இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவளுக்குச் சங்கிலி எதுவும் வாங்கித் தந்ததில்லை.

"பீரோவைக் குடைஞ்சேன். உங்க சட்டைப் பையெல்லாம் தேடினேன். கடைசியில பரண்ல கிடைச்சுது. கழுத்துல போட முடியாத சங்கிலி."

"கோவமா வந்துதா?"

"ஒரு நிமிஷம் வந்துது. அப்புறம் இந்தக் கையைப் பாத்தேன். எதுக்காக வாங்கினீங்கன்னு புரிஞ்சுது. கொஞ்ச நேரம் அந்த ஏணியிலேயே உக்காந்திருந்தேன்."

அவள் குரல் கொஞ்சம் கம்மியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. எத்தனை பெண்களுக்கு இந்த மனசு வரும்? தங்கத்தைத் தேடி ஏறியவள், இரும்பைப் பார்த்துவிட்டு என்னை நல்லவன் என்று நினைத்திருக்கிறாள். நான் கொடுத்துவைத்தவன்தான்.

மேஜைக் காலிலிருந்து புத்தகத்தை உருவி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாளாம். சங்கிலி தலைகீழ் என்பதை அப்போதே கண்டுபிடித்துவிட்டாளாம்.

"அப்பவே திருத்தியிருக்கலாமே?"

"திருத்தியிருந்தா ரப்பர் செருப்போட அறுக்க ஆரம்பிச்சிருப்பீங்க."

"பேட்டரியை எடுத்து ஒளிச்சிருந்தா?"

"உடனே வேற ஒண்ணு வாங்கிட்டு வந்திருப்பீங்க. மெஷின் ஓடணும், மரம் அறுபடக் கூடாது. அப்பத்தான் நீங்க மரத்து மேல பழியைப் போட்டுட்டு ஒரே இடத்துல நிப்பீங்க. அப்பவும் பயந்தான். அதான் டாக்டரைக் காவலுக்கு வெச்சுட்டுப் போனேன்."

நானும் என்னோடு நாற்பத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறேன். என்னை இவ்வளவு சுத்தமாக நான் படித்ததில்லை.

பையைத் திறந்தாள். பூட்ஸ், கண்ணாடி, கால் கவசம், கையுறை. அக்கா புருஷன் மரக்கடையில் வேலை செய்கிறவர். அவரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே உட்கார்ந்து பூட்ஸில் காலை விட்டேன். பாதி கால்தான் போனது. மூச்சைப் பிடித்து இழுத்தேன். குதிகால் வெளியிலேயே நின்றது.

"சின்னதா இருக்கே."

"என் காலுக்குச் சரியா இருக்கு" என்றாள். "ரெண்டு நாளா மரக்கடையில அதானே கத்துக்கிட்டேன். இந்தாங்க, கையுறை உங்களுக்கு. அறுக்கிறது நான். அடுக்குறது நீங்க."

அறுக்கிறது, அடுக்குறது. என் வாழ்க்கை எப்போதும் ஓரிரு எழுத்தில்தான் தவறிப்போகிறது. மணிக்கட்டு என்னாவது என்று கடைசியாக ஓர் ஆயுதத்தை எடுத்தேன். ஓங்கி வெட்டினால்தான் வலிக்கும், இதை ஓங்க வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வேலை நடந்தது. அவள் கண்ணாடியும் பூட்ஸும் போட்டு நின்றபோது டாக்டர் சுவர் ஓரம் நாற்காலியே போட்டுவிட்டார். சங்கிலியை ஐந்து நிமிஷத்தில் திருப்பினாள். காலை அகட்டி வைத்து, மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, அவசரமே இல்லாமல் அறுத்தாள். மரத்தூள் பறந்தது. கடைக்காரர் சொன்ன வெண்ணெயை அன்றுதான் பார்த்தேன். கடைசிக் கட்டைவரை அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அதைவிட எனக்கு என்ன வேண்டும்? நான் பாட்டுக்குக் கட்டைகளைப் பொறுக்கிச் சுவரோரம் அடுக்கினேன். அது எனக்குக் கைவந்த வேலை. அச்சுப் பக்கம் மாதிரி இடது ஓரம், வலது ஓரம் இரண்டும் நேர்கோடு. ஒரு கட்டைகூட வரியை விட்டுத் துருத்தவில்லை. குட்டையானது நடுவில், தடித்தது அடியில்.

அவள் மெஷினை அணைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். விறகுச் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தாள்.

"பரவாயில்லையே" என்றாள்.

என் காதில் அந்த 'ஏ' தெளிவாக விழுந்தது. நெடிலேதான். சாட்சிக்கு டாக்டரைப் பார்த்தேன், அவரும் தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தது வீண்போகவில்லை. அவளுக்கும், கடைக்காரருக்கும், விழுந்த மரத்துக்கும், வராமல் போன விறகுவெட்டிக்கும் மனசுக்குள் நன்றி சொன்னேன். பேராசை யாரை விட்டது? இன்னொரு தரம் சொல்லேன் என்று கேட்டேன்.

"பரவாயில்லையே. இவ்வளவு நல்லா அடுக்க வரும்னு தெரியாமப் போச்சே. அடுத்த சனிக்கிழமை நம்ம பரணை அடுக்கிடுங்க. அதுக்கு அடுத்த சனிக்கிழமை அவங்க வீட்டுப் பரணுக்கு நீங்க வர்றதா அக்காகிட்டச் சொல்லிட்டேன்."