கொப்பரையில் விழுந்த கோடு

அந்தச் சனிக்கிழமை துவைக்கும் கொட்டகையில் இருந்தவர்கள்: கிளெம் நான்கிவெல், அவன் மனைவி பியூலா, பக்கத்து வீட்டு தர்ஸா டிரிசைஸ், விறகுக் குவியல் மேல் ஒரு பூனை. ஆக மூன்று மனிதர், ஒரு பூனை. நால்வரில் பயந்து நடுங்கியது கிளெம் மட்டும். பூனை கடைசிவரை தூங்கியது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பியூலா சர்ச் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். அவள் தொப்பி தெருமுனையில் மறைந்ததுதான் தாமதம், கிளெம் துவைக்கும் கொட்டகைக்குள் நுழைந்து தாழ் போட்டான். அங்கே செங்கல் அடுப்பில் பதித்த பெரிய செப்புக் கொப்பரை ஒன்று உண்டு. திங்கள்தோறும் பியூலா அதில்தான் துணி வேகவைப்பாள். கிளெம் அதில் மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியும், கசப்புக்கு ஹாப்ஸ் பூவும் போட்டு, பீருக்குக் காய்ச்சினான்.

மூன்டா என்கிற அந்தச் சின்னத் துறைமுக ஊரில் இது சின்னக் குற்றமில்லை. குடிப்பதில்லை என்று சர்ச்சில் உறுதிமொழி எழுதிக் கொடுத்த பிறகுதான் பியூலா அவனுக்குக் கழுத்தை நீட்டினாள். உறுதிமொழியை மீறியவன் ஞாயிறு ஆராதனையில் முன்னால் போய் நின்று, அதை உரக்கப் படித்து, மறுபடி கையெழுத்துப் போடவேண்டும். கிளெம் துறைமுகத்தில் கோதுமை மூட்டை எண்ணுகிறவன். மூட்டைகள் திரும்பிப் பார்க்காது என்பதாலேயே அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. ஊரே பார்க்க நிற்பதைவிட, ஊரில் மூடிக்கிடக்கும் பழைய சுரங்கத்துக்குள் தலைகீழாகக் குதித்துவிடலாம் என்று நினைக்கிற ஆள்.

காய்ச்சியது ஆறியது. இரண்டு கல்ஜாடிகளில் ஊற்றினான். ஈஸ்ட் போட்டான். கொப்பரையைக் கழுவினான். கழுவி முடித்து எட்டிப் பார்த்தான்.

கொப்பரைக்குள் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, வருஷக்கணக்காய்க் கறுத்துப்போன பழைய செம்பு. கீழே, பீர் கொதித்த இடமெல்லாம் அப்போதுதான் பிறந்த குழந்தை மாதிரி சிவந்து பளபளத்தது. காய்ச்சினதின் புளிப்பில் களிம்பெல்லாம் கழன்றுவிட்டது. எவ்வளவு காய்ச்சினான் என்பதற்கு அளவு போட்டுக் காட்டியதுபோல் இருந்தது அந்தக் கோடு.

பளபளப்பைக் கறுப்பாக்க வழியில்லை. கறுப்பைப் பளபளப்பாக்கலாம். வேலியைத் தாண்டி தர்ஸாவின் மரத்தில் ஒன்பது எலுமிச்சை பறித்தான். பாதியாக நறுக்கி, உப்பில் தோய்த்து, கோட்டுக்கு மேலே தேய்த்தான். விரலில் இருந்த வெட்டுக்காயம் எரிந்தது. கத்த முடியவில்லை. எலுமிச்சை தீர்ந்தது. வெங்காய ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரில் மாவும் உப்பும் குழைத்துப் பூசினான். வினிகர் தீர்ந்தது. புளித்த பாலை ஊற்றித் தேய்த்தான். இன்னும் ஒரு சாண் கறுப்பு மிச்சமிருக்கும்போது வாசல் கேட் கிறீச்சிட்டது.

மணி நாலுகூட ஆகவில்லை! பாதிரியார் மனைவிக்குத் தலைவலியாம். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஜாடிகளை ஒளிக்க நேரமில்லை. தன் மேல்கோட்டைக் கழற்றி அவற்றின்மேல் போட்டான். கதவு தட்டப்பட்டது.

"கிளெம்! உள்ள என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல பியூலா. சும்மா... கொப்பரை தேய்க்கிறேன்."

தாழைத் திறந்தான். பியூலாவும், கூட்டத்திலிருந்து அவளோடு வந்த தர்ஸாவும் உள்ளே வந்தார்கள்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல ஒரு டீ கப் கழுவினதில்ல நீ."

"அதான்... இன்னிக்கு ஆரம்பிச்சேன்."

"என்னடா கிளெம்," என்றாள் தர்ஸா, தரையில் கிடந்த எலுமிச்சைத் தோலைக் காலால் நகர்த்தி. "இது என் மரத்து எலுமிச்சையாச்சே?"

"திருப்பித் தந்துடறேன், மிசஸ் டிரிசைஸ்."

"பிழிஞ்சதையா?"

பியூலா மோப்பம் பிடித்தாள். "என்ன வாசனை இது?"

"எலுமிச்சை."

"எலுமிச்சைக்கு ரொட்டி வாசனை எப்போலேருந்து?"

தர்ஸா கொப்பரைக்குள் குனிந்து பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் எங்க கொப்பரையும் இப்படித்தான்டி, இடுப்பளவுக்குப் பளபளன்னு இருக்கும். பாவம், மேல தேய்க்கணும்னு அவருக்குத் தோணினதே இல்ல."

பியூலா ஜாடிகள்மேல் கிடந்த மேல்கோட்டைத் தூக்கினாள்.

"இது என்ன?"

நாளைக்கு ஆராதனை. முதல் வரிசை. அத்தனை கண்கள். கிளெமின் வாய், அவனைக் கேட்காமலே பேசியது.

"மருந்து! செம்பு வெளக்கற மருந்து. நானே காய்ச்சினேன். கீழ்ப்பக்கமெல்லாம் அதுல வெளக்கினதுதான்."

"இவ்வளவுமா?"

"இவ்வளவும்."

"குடிக்கிறதுக்கில்லையே?"

"சேச்சே! குடிச்சா குடல் வெந்துடும்."

பியூலா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, அவன் பெண் கேட்டு வந்த நாளில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"தர்ஸா, நம்ம சங்கத்துல யார் யார் வீட்டுக் கொப்பரை கறுத்துக் கிடக்கு?"

"உன்னை விட்டா ஏழு பேர் வீட்டுல."

"அடுத்த சனிக்கிழமை ஏழு வீட்டுக்கும் கிளெம் வர்றான்னு சொல்லிடு. மருந்தோட. அதுவரைக்கும் ஜாடி ரெண்டும் என் அலமாரியில பூட்டி இருக்கட்டும். குழந்தை குட்டி தெரியாம குடிச்சிடப் போகுது."

அவர்கள் வீட்டில் குழந்தை கிடையாது.

ஒரு வாரம் கழித்து ஜாடியைத் திறந்தபோது கிளெமுக்குக் கண் கலங்கியது. வாசனையிலேயே தெரிந்தது: கல்யாணத்துக்கு முன்னால்கூட அப்படி ஒரு பீரை அவன் காய்ச்சியதில்லை. தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகத் தள்ளினான். ஒவ்வொரு வீட்டிலும் சங்கத்துப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். துணியைத் தோய்த்தான், தேய்த்தான், தோய்த்தான். விரலைக்கூட நக்கமுடியவில்லை. நக்கினால் குடல் வெந்து சாகவேண்டும். சாகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நிற்கவேண்டும்.

ஏழாவது கொப்பரையும் பளபளத்தது. பெண்கள் கைதட்டினார்கள். கிளெம் யாருக்கும் தெரியாமல் திரும்பி நின்று, இரண்டாவது ஜாடியை வாயை நோக்கி மெதுவாகச் சாய்த்தான். மிச்சம் மூன்று சொட்டு.

"குடு," என்றாள் பியூலா, துணியை நீட்டி. "கதவுக் கைப்பிடி ஒண்ணு பாக்கி இருக்கு."