என் விசிலும் நரிக்குடி பஸ்ஸும்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்க காற்பந்து டீம் பிள்ளைங்கள பஸ்ஸுல ஏத்தி, அருப்புக்கோட்டையில இறக்கி, பத்து மணி மேட்ச்சுக்குக் கிரவுண்டுல கொண்டுபோய் நிறுத்தணும்.

அவ்ளோதான். பஸ்ஸை ஓட்டச் சொல்லல. தள்ளச் சொல்லல. ஏறி, உக்காந்து, இறங்கச் சொன்னாங்க. அதுவே எனக்கு வரல.

நான் எழுதுறதைப் புதுசா படிக்கிறவங்களுக்கு என்னைப் பத்தி ரெண்டு வரி. நான் மலேசியாவுல கிள்ளான் பொண்ணு. அங்க ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். எங்க சபை என்னை மிஷனரியா அனுப்பி வச்சது, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவுல இருக்கிற ஒரு ஊருக்கு. காய்ஞ்சு கிடக்கிற கண்மாய்க்குள்ள தினமும் சாயங்காலம் பிள்ளைங்களுக்கு விளையாட்டு சொல்லித் தர்றேன். கண்மாயில தண்ணி வந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேக்காதீங்க. அந்தக் கவலை எப்ப வரும்னுதான் ஊரே காத்துக்கிட்டு இருக்கு.

நான் பேசுறதும் தமிழ், அவங்க பேசுறதும் தமிழ். ஆனா காலையில சாப்பிட்டாச்சாங்கிறதை எங்க ஊரு வழக்கப்படி "பசியாறியாச்சா?"ன்னு நான் கேட்டா, பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. பழகிருச்சு.

சனிக்கிழமை மேட்ச் சும்மா மேட்ச் இல்ல. எங்க பொம்பளப் பிள்ளைங்க ஊரைத் தாண்டிப் போய் ஆடுற முதல் மேட்ச். எதிர்ல பந்தல்குடி டீம். "பத்து மணிக்கு ஆள் வந்து நிக்கலைன்னா பந்தல்குடி ஜெயிச்சதா அறிவிச்சிருவோம்"னு போன்லயே சொல்லிட்டாங்க.

அதைவிடப் பெரிய பயம் அப்பாமாருங்க. எல்லாரும் காடு கரை வச்சு வெள்ளாமை பாக்குறவங்க. "பொட்டப் பிள்ளைய டவுசர் போட்டு டவுனுல ஓட விடவா?"ன்னு முறுக்கிக்கிட்டாங்க. வீடு வீடாப் போய் உக்காந்து, காப்பி குடிச்சு குடிச்சே சம்மதம் வாங்கினேன். அதுலயும் முத்துமாரியோட அப்பா வாசல் வரைக்கும் வந்து ஒரு கண்டிசன் போட்டாரு.

"பத்தரமா கூட்டிட்டுப் போயி, பத்தரமா கூட்டிட்டு வரணும் டீச்சர். வழியில ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சுன்னு காதுல விழுந்துச்சு, அன்னைக்கோட பந்து விளையாட்டுக்கு முழுக்கு."

"ஏடாகூடமா? என்கூடவா? வாய்ப்பே இல்லண்ணே!"ன்னேன். இந்த வாயை என்ன சொல்ல?

கோல்கீப்பர் ராசாத்தியோட அம்மா பாண்டியம்மா அக்காவும் துணைக்குக் கிளம்பினாங்க. "நானும் கூட வாரேன். எவனாச்சும் எதாச்சும் சொன்னா நான் பாத்துக்கிறேன்"னாங்க. அவங்க குரலுக்குக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேயுற மாடே திரும்பி வரும். அதனால எனக்கும் தைரியம்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க கிள்ளான்ல பஸ்ஸுல கண்டக்டரே கிடையாது. கார்டைத் தட்டிட்டு ஏறணும், பெல்லை அமுக்கிட்டு இறங்கணும். இங்க வந்தப்புறமும் சபை ஸ்கூட்டியிலதான் சுத்துறேன். அதனால தமிழ்நாட்டு பஸ்ஸு எப்படி ஓடுதுங்கிற விஷயத்துல நான் பச்சைப் பிள்ளை.

ஆனா விசில் விஷயத்துல நான் கில்லாடி! கழுத்துல எப்பவும் தொங்கும். ஒரு விசில் அடிச்சா, எல்லாரும் அப்படியே நிக்கணும். ரெண்டு விசில் அடிச்சா, எங்க இருந்தாலும் ஓடி வரணும். கண்மாய்க்குள்ள இது அருமையா வேலை செய்யும்.

நரிக்குடியில இருந்து வர்ற தனியார் பஸ்ஸு வந்துச்சு. நல்ல கூட்டம். பாட்டு அலறுது. டிரைவர் ரோட்டை மட்டுமே பாக்குறாரு. கண்டக்டர் ஒல்லியான மனுசன், அந்தக் கூட்டத்துக்குள்ள எப்படித்தான் நுழைஞ்சு வெளிய வர்றாரோ தெரியல. பஸ்ஸோட பின்பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைச்சுது.

ஏறின உடனே ராசாத்திக்கும் முத்துமாரிக்கும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. ஒருத்தி ஜெர்சியை இன்னொருத்தி இழுக்குறா. ஜெர்சியே கடன் வாங்கின ஜெர்சி!

அடிச்சேன் ஒரு விசில்.

பிள்ளைங்க கப்சிப். பஸ்ஸும் கிரீச்சுன்னு நின்னுச்சு. சுத்தி வெறும் கருவேலங்காடு. நின்னுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்தாங்க.

அந்த இடத்துல கொத்தமல்லி மூட்டையோட ஒரு பெரியவர் நின்னுக்கிட்டு இருந்தாரு. அவரே எதிர்பாக்கல. "எத்தன வருசமா கை காட்டுறேன், இன்னைக்குத்தான்யா நிப்பாட்டி இருக்கீக! நல்லா இருங்கய்யா!"ன்னு மூட்டையைத் தூக்கிப் போட்டு ஏறிட்டாரு.

டிரைவர் தெரிஞ்ச ஆளுக்காக நிப்பாட்டினார்னு கண்டக்டர் நினைச்சுக்கிட்டாரு. கண்டக்டர் விசில் அடிச்சார்னு டிரைவர் நினைச்சுக்கிட்டாரு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா?

"பாத்தீங்களா பிள்ளைங்களா! வெயில்ல நிக்கிற ஒரு பெரியவருக்காகப் போற பஸ்ஸையே நிறுத்துறாரு. இதுதான் அன்பு"ன்னு சின்னதா ஒரு பிரசங்கமே பண்ணிட்டேன். பாண்டியம்மா அக்கா கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க.

திருச்சுழி வந்துச்சு. கண்டக்டர் இறங்கி டீக்கடைக்குப் போனாரு. இதான் சாக்குன்னு படிக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ரெண்டு பிள்ளைங்க வடை வாங்க இறங்கிருச்சுங்க. அதைப் பாத்து இன்னும் மூணு. எனக்கு மணி ஓடுது, பந்தல்குடி டீம் கண்ணுல தெரியுது.

"ஏய், வாங்க! வந்து ஏறுங்க!" எவளும் திரும்பல.

அடிச்சேன் ரெண்டு விசில்!

ஆஹா, அந்த அழகைப் பாக்கணுமே! வடையும் கையுமா அத்தனையும் ஓடி வந்து ஏறிருச்சுங்க. என் பயிற்சியை நானே மெச்சிக்கிட்டேன். கடைசிப் பிள்ளை படியில கால் வச்சதும் பஸ்ஸு கிளம்பிருச்சு. எவ்ளோ சரியான நேரம் பாருங்க, டிரைவருக்கும் ஒரு சபாஷ் சொல்லிக்கிட்டேன்.

பின் ஜன்னல் வழியாப் பாத்தா, ஒருத்தர் பஸ்ஸு பின்னாடியே ஓடி வர்றாரு. கையில டீ கிளாஸ்.

விளையாட்டு டீச்சர் புத்தி எங்க போகும்? "பிள்ளைங்களா, இங்க பாருங்க. அந்த அண்ணன் ஓடுறாருல்ல, கை வீச்சு பிரமாதம். ஆனா முட்டியை இன்னும் தூக்கணும். கையில கிளாஸ் வச்சுக்கிட்டு ஓடுனா பேலன்ஸ் கிடைக்காது."

பிள்ளைங்க கவனமாப் பாத்துச்சுங்க. பாண்டியம்மா அக்காவும் எட்டிப் பாத்தாங்க.

"அட, அது கண்டக்டருல்ல?"

"ஐயையோ, விட்டுட்டுப் போறமே!"ன்னேன்.

"அவுக எப்பவும் ஓடி வந்துதான் ஏறுவாக. அது அவுக ஸ்டைலு."

சரி, ஸ்டைல்னா ஸ்டைல். பாத்துக்கிட்டே இருந்தோம். ஆள் சின்னதாகிக்கிட்டே போனாரு. அப்புறம் ரோடு வளைஞ்சுது, ஆளையே காணோம்.

"இன்னைக்கு ஸ்டைலு கொஞ்சம் கூடிப் போச்சு போல"ன்னாங்க அக்கா.

எனக்குப் பகீர்னுச்சு. "அண்ணே! நிறுத்துங்கண்ணே!"ன்னு கத்தினேன். பாட்டுச் சத்தத்துல எனக்கே கேக்கல. அக்காவும் கத்தினாங்க. மாடு திரும்பி இருக்கும், டிரைவர் திரும்பல. ஆபத்துன்னா என்ன செய்யணும்? விசில் அடிக்கணும்! அடிச்சேன். பீப்பீ, பீப்பீ, பீப்பீன்னு மூச்சு வாங்க அடிச்சேன்.

பஸ்ஸு பறந்துச்சு!

நான் அடிக்க அடிக்க வேகம் கூடுது. ஸ்டாப்புல கை காட்டினவங்க எல்லாம் ஒரு கோடாத் தெரிஞ்சாங்க. மல்லி மூட்டைப் பெரியவர், "இதுக்கு நான் நடந்தே போயிருப்பேனே!"ன்னு கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

முத்துமாரிதான் என் கையைப் புடிச்சா. "மிஸ்ஸு, அடிக்காதீக! ரெண்டு ரெண்டா அடிச்சா போ போன்னு அர்த்தம். பின்னாடி வேற பஸ்ஸு வருதுன்னு நினைச்சு டிரைவரு விரட்டுறாரு!"

"அப்ப நிறுத்தறதுக்கு?"

"ஒத்த விசிலு!"

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க ஸ்போர்ட்ஸ் மிஸ்ஸு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

ஒண்ணு அடிச்சேன். பஸ்ஸு நின்னுச்சு. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு முன்னாடி போய், "அண்ணே, கண்டக்டர் ஏறல"ன்னு சொன்னேன்.

டிரைவர் பாட்டை நிறுத்தினாரு. "ஏறலையா? அப்ப இவ்வளவு நேரம் விசில் அடிச்சது யாரு?"

பஸ்ஸே என் கழுத்தைப் பாத்துச்சு.

"யாரும்மா நீங்க?"

"மிஷனரிண்ணே."

"மிஷனரிக்கு எம் பஸ்ஸுல என்னம்மா விசிலு?"

விசிலைக் கைக்குள்ள மூடிக்கிட்டேன்.

டிரைவர் வாட்சைப் பாத்தாரு. "திரும்பிப் போயி அவனை ஏத்திட்டு வந்தா, அருப்புக்கோட்டை போறப்ப பத்தரை ஆயிரும். நீங்க செஞ்ச வேலை, நீங்களே சொல்லுங்க. திருப்பவா, போகவா?"

நான் பின்னாடி பாத்தேன். பிள்ளைங்க வாயில வடை அப்படியே நிக்குது. ஒருத்தியும் மெல்லல. ராசாத்தி மட்டும், "மிஸ்ஸு... மேட்ச்சு..."ன்னா. அந்த மனுசனும் பாவம். ஆனா இவளுங்க எத்தனை சாயங்காலம் அந்தக் கண்மாய்ப் புழுதியைத் தின்னிருக்காளுங்க!

"அவரு அடுத்த பஸ்ஸுல வந்துருவாருல்ல அண்ணே?"

"வருவான். வந்து உங்களைத்தான் தேடுவான்."

"பரவாயில்லண்ணே. போலாம்."

"போறது இருக்கட்டும். ஆளை ஏத்தி இறக்க விசில் யாரு அடிக்கிறது?"

"நானா?"

"புதுசா கேக்குறீக?"

அப்படித்தான் நான் கண்டக்டர் ஆனேன். பின் படியில நின்னுக்கிட்டு ஒண்ணு அடிக்கிறேன், நிக்குது. ரெண்டு அடிக்கிறேன், போகுது. உண்மையைச் சொல்றேன், கண்மாய்ல கூட எனக்கு இவ்ளோ மரியாதை கிடைச்சதில்ல! "உள்ள போங்க, உள்ள இடம் கிடக்கு"ன்னு எல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.

ஒருத்தர் ஏறி, "அருப்புக்கோட்டைக்கு ஒரு டிக்கெட்டு"ன்னாரு.

"டிக்கெட் இல்லண்ணே."

"மிசினு ரிப்பேரா?"

"மிசினும் இல்லண்ணே. கண்டக்டரும் இல்ல."

"பின்ன என்னதான்மா இருக்கு?"

"விசில் இருக்குண்ணே."

அவர் நேரா உள்ள போயிட்டாரு.

அருப்புக்கோட்டை கண்ணுக்குத் தெரியுற நேரம், பின்னாடி ஹாரன் சத்தம். இன்னொரு பஸ்ஸு எங்களை ஒட்டி வருது. அதோட படியில தொங்குறது யாரு? எங்க கண்டக்டரேதான்! கையில இன்னும் அந்த டீ கிளாஸ். என்னைப் பாத்து ஏதோ கத்துறாரு. என்னன்னு கேக்கல, நல்லதாப் போச்சு.

உடனே தன் விசிலை எடுத்து, எங்க பஸ்ஸை நிறுத்த ஓங்கி ஒண்ணு அடிச்சாரு பாருங்க!

எங்க பஸ்ஸு நிக்கல. அவர் தொங்கிக்கிட்டு இருந்த பஸ்ஸு நின்னுருச்சு.

நாங்க கடந்து போயிட்டோம். டிரைவர் அண்ணன் அன்னைக்கு முதல் தடவையா சிரிச்சாரு.

பஸ் ஸ்டாண்டுல நாங்க இறங்கி முடிக்கவும், அவர் வந்து இறங்கவும் சரியா இருந்துச்சு. வாயைத் திறந்தாரு. பாண்டியம்மா அக்கா குறுக்க நின்னுட்டாங்க. "தம்பி, நீங்க திட்டுறது நாயந்தான். ஆனா பிள்ளைக மேட்ச்சுக்குப் போகுது. சாயந்திரம் இதே பஸ்ஸுலதான் வருவோம், அப்ப நிதானமாத் திட்டுங்க."

கிரவுண்டுக்கு ஓடினோம். பத்து மணிக்கு முன்னாடியே போய் நின்னுட்டோம். மேட்ச் ஒண்ணுக்கு ஒண்ணு, டிரா. முத்துமாரி அடிச்ச கோலுக்கு நான் அழுதே போயிட்டேன். விசில் அடிக்கல. அதுக்குத் தெம்பும் இல்ல.

சாயங்காலம் அதே பஸ்ஸு. "விசிலைக் குடுத்துட்டு ஏறுங்க"ன்னு கையை நீட்டினாரு கண்டக்டர். குடுத்தேன். அருப்புக்கோட்டையில ஆரம்பிச்சாரு, திருச்சுழி வரைக்கும் திட்டினாரு. நடுவுல ஆள் ஏத்தி இறக்க விசில் அடிக்க மட்டும்தான் நிறுத்தினாரு. திருச்சுழியில இறங்கி டீக்கடைக்காரருகிட்ட கிளாஸை ஒப்படைச்சுட்டு வந்து, மிச்சத்தையும் திட்டினாரு. எல்லாம் நியாயம்தான், வாங்கிக்கிட்டேன்.

ஊர் ஸ்டாப்புல அப்பாமாரு வரிசையா நிக்கிறாங்க. பிள்ளைங்ககிட்ட, "மேட்ச்சைப் பத்தி மட்டும் பேசுங்கடி"ன்னு கெஞ்சி வச்சிருந்தேன். இறங்கினதும் அத்தனையும் ஒரே குரல்ல: "அப்பா! மிஸ்ஸு கண்டக்டரை விட்டுட்டு பஸ்ஸைக் கிளப்பிருச்சு!"

முத்துமாரி அப்பா என்னையே பாத்தாரு. முழுக் கதையையும் கேட்டாரு. துண்டை உதறித் தோள்ல போட்டாரு.

"எம் பிள்ளைக மேட்ச்சு போயிரக் கூடாதுன்னா கண்டக்டரை விட்டுட்டு வந்தீக?"

"ஆமாண்ணே. தப்புதான்."

"தப்புதேன்"னாரு. அப்புறம், "அடுத்த மேட்ச்சு என்னைக்கு டீச்சர்? நானும் வாரேன்"னாரு.

அப்பாடா! அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. சபையில போதகர் ஐயா எடுத்துக்கிட்ட செய்தி, காணாமப் போன ஒத்த ஆட்டுக்காக மொத்த மந்தையையும் விட்டுட்டுத் தேடிப் போன நல்ல மேய்ப்பனைப் பத்தி.

அவர் யாரையும் பாத்துச் சொல்லல. ஆனா சபை மொத்தமும் திரும்பி என்னைப் பாத்துச்சு.

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். என் கைக்கு வந்த மந்தை பத்திரமாப் போய்ச் சேந்துருச்சு, அந்த ஒத்த ஆடு மட்டும்தான் திருச்சுழி டீக்கடையில.