குழந்தையின் எடை எக்ஸ் என்க

"ஆறு கிலோ இருந்தா மருந்தை நிறுத்திடலாம். கொஞ்சம் குறைஞ்சாலும் ஆஸ்பத்திரியில சேர்த்துடணும். எங்க மெஷின் ரிப்பேர். வீட்டிலேயே பார்த்து நாலு மணிக்குள்ள சொல்லுங்க" என்று நர்ஸ் போனை வைத்தபோது மணி மூன்று.

கணக்கு வாத்தியார் எதிர்வீட்டுப் பெரியவரிடம் ஓடி, அவருடைய எடை மெஷினை இரவல் வாங்கி வந்தார். ஏறி நின்று பார்க்கிற, ஊசி வைத்த பழைய மெஷின். போன மாதம் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த வாத்தியாருடைய ஐந்து மாதக் குழந்தை, அதன்மேல் படுக்க மறுத்து உதைத்தது. ஊசி ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவே கூத்தாடியது.

"நீங்க முதல்ல தனியா ஏறுங்க. அப்புறம் தூக்கிட்டு ஏறுங்க. கழிச்சா முடிஞ்சுது" என்றாள் மனைவி.

வாத்தியார் மெஷினிலிருந்து ஓரடி பின்வாங்கினார். மூன்று மாதமாகக் காலை நடை என்று சொல்லிவிட்டு அவர் போவது பேக்கரி பெஞ்சு வரைதான்.

"ஏன், நீ ஏறேன்!"

"நானா? செத்தாலும் மாட்டேன்."

தனியாக ஏற ஆளில்லை. வாத்தியார் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். "யாரும் தனியா நிக்க வேண்டாம். நானும் குழந்தையும் ஒரு தடவை, நீயும் குழந்தையும் ஒரு தடவை. ரெண்டு சமன்பாடு போதும்."

அவர் குழந்தையுடன் ஏறினார். எழுபதரை. அவள் குழந்தையுடன் ஏறினாள். ஐம்பத்தாறரை. சமையலறைக் கதவு கரும்பலகையாயிற்று.

எழுதிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அடடா, ஆள் மூணு, சமன்பாடு ரெண்டு! குழந்தை ஆறுன்னா நான் அறுபத்துநாலரை, நீ ஐம்பதரை. சரியா வருது. குழந்தை இருபதுன்னா நான் ஐம்பதரை, நீ முப்பத்தாறரை. அதுவும் சரியா வருது."

"நர்ஸ்கிட்ட எதைச் சொல்றது?"

"எண்ணற்ற தீர்வுகள்னு..."

"சொல்லிப் பாருங்க. குழந்தையை விட்டுட்டு உங்களைச் சேர்த்துக்குவாங்க."

வாத்தியார் மறுபடியும் கதவுப் பக்கம் திரும்பினார். முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தார். "கிடைச்சிடுச்சு மூணாவது! நான் உன்னைவிடப் பதினாலு கிலோ கூட!" என்று அதைப் பழைய இரண்டோடு சேர்த்து, கதவின் அடிவரை மண்டியிட்டு எழுதிக்கொண்டே போனார். கடைசி வரியில் 'பூஜ்யம் சமம் பூஜ்யம்' என்று வந்து நின்றது.

"அரைமணி நேரமா எழுதி, ஒண்ணுமில்லைக்கு ஒண்ணுமில்லை சமம்னு கண்டுபிடிச்சிருக்கீங்க."

"தெரிஞ்சதையே திருப்பிப் போட்டிருக்கேன். புதுசா ஒரு சேதி வேணும்" என்று அசடு வழிந்தார். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுவோம், வா."

குழந்தையை மெத்தையில் விட்டுவிட்டு இருவரும் ஏறினார்கள். இடம் போதாமல் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தை பிறந்த பிறகு அதற்கு நேரம் வாய்த்தது அன்றைக்குத்தான். நூற்றுப்பதினெட்டு.

இந்த முறை ஒரே ஒரு தீர்வு வந்தது. அவர் அறுபத்தாறு, அவள் ஐம்பத்திரண்டு.

"ரெண்டு கிலோ இளைச்சிருக்கேனா!" என்று அவள் முகம் மலர்ந்தது. அடுத்த வரியைப் படித்ததும் அப்படியே வாடிப்போயிற்று.

குழந்தை நாலரை.

"தப்பா இருக்கும். இன்னொரு தடவை போடுங்க."

மூன்று தடவை போட்டார். தன் கணக்கு தப்பாக இருக்கவேண்டுமே என்று அவர் வேண்டிக்கொண்டது வாழ்நாளில் அதுதான் முதல்முறை. மூன்று தடவையும் நாலரைதான்.

அவள் அழுதுகொண்டே குழந்தையின் துணிகளைப் பையில் திணித்தாள். அவர் போனில் நர்ஸின் எண்ணைத் தேடினார். வாசலில் எதிர்வீட்டுப் பெரியவர் வந்து நின்றார்.

"மெஷினைக் குடுங்க வாத்தியாரே, வீட்டம்மா வர்ற நேரம். அட, ஏம்மா அழறே?"

"குழந்தை நாலரை கிலோதானாம் ஐயா..."

பெரியவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியே சொல்லிடாதீங்க. அவ வாராவாரம் என்னை இதுல ஏத்தி நிறுத்திட்டுத்தான் சோறு போடறா, அதனால நானே இதை நாலு கிலோ குறைச்சுக் காட்டற மாதிரி திருகி வெச்சிருக்கேன்."